தொழில் கையேடு போட கேடிபி சரிப்படுமா?

ஒரு தொழிலில் இருபது வருடம் ஊறியவர், தெரிந்ததைத் தமிழில் கையேடாக எழுதி விற்கலாமா என்று விசாரித்தால் முதலில் காதில் விழும் பெயர் கேடிபி. அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், நம் மின்புத்தகத்தை நாமே ஏற்றி விற்கும் சேவை. தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. துறையில் ‘விவரம் தெரிந்த ஆள்’ என்று பெயர் வாங்க இதைவிடச் செலவு குறைந்த வழி சுலபத்தில் கிடைக்காது. வருமானத்துக்கு இதையே நம்பி உட்கார்ந்தால் டீச்செலவுக்குத்தான் தேறும். குறைந்த ஒன்றரை நட்சத்திரத்தில் ஒன்று, மின்வடிவத்தை அமேசானில் மட்டுமே விற்கச் சொல்லும் ‘செலக்ட்’ திட்டத்தின் பிடிக்கு. மீதி அரை, தமிழில் அச்சுப் புத்தகம் போட வழி வைக்காததற்கு.

சேவையின் அடிப்படை எளிது. கணக்குத் திறக்கப் பணம் கிடையாது. புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை, அமேசானே ஏஎஸ்ஐஎன் என்று பத்து எழுத்தில் ஓர் அடையாள எண் கொடுத்துவிடும். ஐஎஸ்பிஎன் வேண்டும் என்பவர்களுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை அதை இலவசமாகவே தருகிறது. இரண்டாயிரம் கொடுங்கள், வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் மாட்ட வேண்டாம். கிண்டிலில் தமிழ் நுழைந்தது 2016 கடைசியில். அதன் பிறகு யூனிகோடில் அடித்த கோப்பு கையில் இருந்தால் போதும், ஏற்றி 72 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. மொழி தமிழ் என்று குறித்தால் கடைப் பக்கத்தில் ‘தமிழ் எடிஷன்’ என்ற ஒட்டு தானாகச் சேரும். ஆகவே தலைப்பிலும் ‘தமிழில்’ என்று போட்டு இடத்தை அடைக்கத் தேவையில்லை.

எதை எழுதினால் எடுபடும்

மேடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரக்கு பொதுவாக இருந்தால் நகராது. ‘ஆயத்த ஆடைத் தொழில் வழிகாட்டி’ என்று தலைப்பு வைத்தால் யாரும் சீந்தமாட்டார்கள். ‘டி-ஷர்ட் காஸ்டிங்: துணிக் கணக்கில் எங்கே பணம் போகிறது’ என்று வைத்துப் பாருங்கள். திருப்பூரில் புதிதாக மெர்ச்சண்டைசர் (ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை கவனிப்பவர்) வேலைக்கு வந்தவரும், முதல் ஏற்றுமதி ஆர்டரை எடுக்கப்போகும், இதுவரை கூலிக்குத் தைத்துக் கொடுத்த ஜாப் ஒர்க் முதலாளியும் நின்று பார்ப்பார்கள்.

அப்படி ஒரு கையேட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி போகும் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் உண்டு. உடல் நீளம், கை நீளம், தையலுக்கும் மடிப்புக்கும் விடும் அளவு மூன்றையும் கூட்டு. அரை மார்பளவோடு தையல் விடுப்பைக் கூட்டி அதால் பெருக்கு. முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கு. ஜிஎஸ்எம்மால் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பெருக்கி 10,000-ஆல் வகு. உடல் 72 செ.மீ., கை 22, விடுப்பு 10 என்றால் நீளவாக்கில் 104. அரை மார்பு 54, விடுப்பு 4 என்றால் 58. துணி 160 ஜிஎஸ்எம். கணக்கு 193 கிராம் என்று வரும். கட்டிங் கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 212 கிராம்.

இது வரைக்கும் எந்த யூடியூப் காணொளியிலும் கிடைக்கும். இதை மட்டும் எழுதினால் அது கையேடு ஆகாது, நோட்ஸ். அடுத்த வரியில்தான் இருபது வருடம் வெளியே வர வேண்டும். சாயம் போட்டு வரும்போது எடை எட்டு சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் 212-ஐ 1.08-ஆல் பெருக்கி 229 கிராம் நூல் என்று எழுதுவார். இழப்பு நூலின் எடையில் நடக்கிறது. ஆகவே 212-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். விடை 230.4. ஒரு பீஸுக்கு ஒன்றரை கிராம்கூட வராத வித்தியாசம்தான். பத்தாயிரம் பீஸ் ஆர்டரில் அது சுமார் 15 கிலோ நூல். ஆர்டரின் கடைசியில் கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி போதாமல் அதே ஷேடில் மறுபடி சாயம் போட அலைவதற்கு இப்படிப்பட்ட கணக்குதான் காரணமாக இருக்கும். இன்னொரு வரி: ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டும் வட்டம் 100 சதுர செ.மீ., அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஆனால் காம்பாக்டிங்கிலிருந்து (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் சூட்டில் அழுத்தும் வேலை) சூடாக வந்த துணியை அப்படியே வெட்டி எடை போட்டால் ஜிஎஸ்எம் குறைத்துக் காட்டும். பருத்தி இயல்பான நிலையில் எட்டரை சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

சூத்திரம், அதில் நடக்கும் தவறு, அந்தத் தவறின் விலை. மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதுதான் தனி முத்திரை உள்ள சரக்கு. அப்படி முப்பது பக்கம் தேறினாலே கையேடு. இருநூறு பக்கம் வேண்டும் என்று இழுப்பவர்கள்தான் நூல் நூற்ற வரலாற்றை எல்லாம் முதல் அத்தியாயத்தில் போட்டு வாங்கியவரைத் தூங்க வைக்கிறார்கள்.

கோப்பு: தமிழுக்கு மட்டும் வரும் வம்புகள்

கேடிபி ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்டது, தமிழ் பின்னால் ஏறிய பயணி. ஏறும் இடத்தில் இடறும் இடங்கள் சில உண்டு.

முதல் வம்பு எழுத்துரு. டிடிபி கடையில் அடித்து வாங்கிய கோப்பு பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் கிண்டில் அதைத் தமிழாகவே பார்க்காது. திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றிய கோப்பில் மூன்று இடங்களை வேர்டின் ‘தேடி மாற்று’ வசதியால் கட்டாயம் துழாவ வேண்டும். ஒன்று, துணைக்கால் ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ எழுத்து. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும், தேடினால் அகப்படாது. இரண்டு, ‘ௌ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகியிருக்கும். மூன்று, ‘தொ’, ‘கொ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இரண்டு துண்டாக நிற்பது. ‘தொழில்’, ‘கொள்முதல்’, ‘மொத்தம்’ இல்லாத தொழில் கையேடு கிடையாது, அதனால் இந்தப் பிழை பக்கத்துக்குப் பத்து வரும். புத்தகத்தின் உள்ளே இருந்தால்கூடப் போகிறது, தலைப்பில் இருந்துவிட்டால் வாங்க வருபவர் சரியாக அடித்துத் தேடும்போது புத்தகம் கண்ணில் படாமல் போக வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, பிடிஎஃப். அச்சுக்குத் தயார் செய்த பிடிஎஃப் கையில் இருக்கிறதே, அதையே ஏற்றிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து எழுத்தைப் பிரித்து எடுக்கும்போது கொம்பு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘செலவு’ ‘ெசலவு’ ஆகும். வேர்ட் கோப்பு அல்லது இபப் (மின்புத்தகத்துக்கான கோப்பு வகை) மட்டும்தான் சரி.

வேர்டில் அத்தியாயத் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் உள்ளடக்கப் பட்டியல் உருவாகாது. பத்தியின் தொடக்கத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டி இடம் விடக் கூடாது, பத்தி அமைப்பில்தான் விட வேண்டும். இருபக்கமும் சமன் செய்யும் அமைப்பைத் தவிர்ப்பது நல்லது. ‘தயாரிப்புச் செலவினங்களிலிருந்து’ மாதிரி ஒரு சொல் கைப்பேசித் திரையில் அடுத்த வரிக்குப் போனால் மேல் வரியில் பல் விழுந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இடைவெளி வரும்.

அட்டவணையில்தான் தொழில் கையேடுகள் அடி வாங்குகின்றன. ஏ4 தாளில் எட்டு நெடுவரிசையாக அழகாக நிற்கும் காஸ்ட் ஷீட், கைப்பேசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். மூன்று நெடுவரிசைக்கு மேல் போகக் கூடாது. அட்டவணையைப் படமாக்கி ஒட்டுவது சுலபமான குறுக்கு வழிதான், ஆனால் படித்துப் பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் படத்தில் இருப்பது பெரிதாகாது. கோப்பின் எடையும் ஏறும், அதற்கு உங்கள் பங்கிலிருந்து பிடிப்பார்கள் (கணக்கு கீழே). பெரிய அட்டவணையைப் பல சிறியவையாக உடைப்பதும், ஒவ்வொரு வரியையும் ‘இது இவ்வளவு, காரணம் இது’ என்று வாக்கியமாக எழுதுவதும் கூடுதல் வேலைதான். பலன் அதில்தான்.

ஏற்றும் முன் கிண்டில் ப்ரிவியூவரில் கைப்பேசித் தோற்றத்தைத் தேர்ந்தெடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ரூபாய்க் குறி, பின்னங்கள் இவற்றைத் தனியாகப் பாருங்கள்.

அட்டைப்படம் 2,560 பிக்சல் உயரம், 1,600 அகலம். தலைப்பு நான்கு சொல்லைத் தாண்டினால் கைப்பேசியில் கட்டைவிரல் நகமளவு தெரியும்போது படிக்க முடியாது. நீளமாகச் சொல்ல வேண்டியதை உபதலைப்பில் போடலாம்.

முதல் பத்து சதவீதம்

வாங்கும் முன் படித்துப் பார்க்க அமேசான் புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து சதவீதத்தை இலவசமாகக் காட்டும். நூறு பக்கக் கையேடு என்றால் பத்துப் பக்கம். நம் வழக்கப்படி சமர்ப்பணம், அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி என்று அடுக்கினால் பத்துப் பக்கமும் அதிலேயே தீர்ந்துபோகும். கடைக்காரர் சரக்கைக் காட்டாமல் கல்லாப்பெட்டிக்கு மாட்டிய மாலையையே காட்டிக்கொண்டிருந்த கதைதான். வாழ்த்துரைகளைப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். வாழ்த்தியவர் கோபித்துக்கொள்ளமாட்டார், கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் வருவதாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் மூன்று பக்கத்திலேயே மேலே சொன்ன நூல் கணக்கு மாதிரி ஒன்று முழுசாக இருக்க வேண்டும்.

விவரக்குறிப்புக்கு 4,000 எழுத்து வரை இடம் உண்டு. ஏழு தேடுசொற்கள், மூன்று வகைப்பிரிவுகள். நம்மவர்களில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுகிறார்கள். ஏழில் நான்கையாவது அப்படி ஆங்கில எழுத்தில் கொடுப்பது பயன் தரும். தலைப்பில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை மறுபடி தேடுசொல்லாகக் கொடுப்பது இடத்தை வீணடிப்பது.

கைப்பிரதியிலோ அட்டையிலோ செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது இருந்தால் ஏற்றும்போதே சொல்ல வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. மறைத்து மாட்டினால் கணக்குக்கே ஆபத்து. அந்த விதி வந்த அதே சமயத்தில் ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய தலைப்புக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் வரம்பு போட்டார்கள். நாளைக்கு மூன்று புத்தகம் எழுதுகிறவர்களுக்குத்தான் அது தொல்லையாக இருந்திருக்கும்.

காசு எவ்வளவு வரும்

ராயல்டி இரண்டு வகை, 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். எழுபதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் அளவுக்கு ஏற்ப விநியோகக் கட்டணம் பிடிப்பார்கள். அமேசான் இந்தியாவில் அது ஒரு எம்பிக்கு ₹7. வரியை விட்டுவிட்டு ₹199 விலையும் 2 எம்பி கோப்பும் என்று வைத்தால் 199-லிருந்து 14 போக 185, அதில் எழுபது சதவீதம் ₹129.50. படங்களை அப்படியே ஒட்டி 12 எம்பி ஆக்கியவருக்கு அதே புத்தகத்தில் ₹80.50. முப்பத்தைந்தில் கட்டணம் கிடையாது, ₹69.65 வரும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. இந்திய வாசகருக்கு விற்கும்போது எழுபது சதவீதம் வேண்டுமென்றால் புத்தகம் கேடிபி செலக்ட்டில் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்க இந்த நிபந்தனை இல்லை, இந்தியாவுக்கு உண்டு. செலக்ட்டில் சேர்ந்தால் 90 நாள் அந்தப் புத்தகத்தின் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுவதும் இதில் அடங்கும். சொந்தத் தளத்தில் மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் மறக்காமல் டிக்கை எடுக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்து, இலவச மின்புத்தகத் தளமான ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் வெளியிட்ட நூலையே செலக்ட்டிலும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே உறையில் இரண்டு கத்தி. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை.

செலக்ட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர் படிக்கும் பக்கங்களுக்கு ஏற்பவும் பணம் வரும். நாவலுக்கு இது நல்ல ஏற்பாடு. கையேட்டுக்குப் பொருந்தாது. வாசகர் தனக்கு வேண்டிய நாலு பக்கத்தைத் திறந்து கணக்கைப் பார்த்துவிட்டு மூடுவார். உங்களுக்கு நாலு பக்கத்துக் காசு. அவருக்கு அந்த நாலு பக்கம் பதினைந்து கிலோ நூலை மிச்சப்படுத்தியிருக்கும், அது கணக்கில் வராது. அதே பக்கத்தை அவர் பத்து முறை திரும்பிப் பார்த்தாலும் முதல் முறைக்கு மட்டும்தான். 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கும் வசதியும் உண்டு. அதைப் புத்தகம் வந்த வாரத்திலேயே செலவழிப்பதைவிட, உங்கள் துறையின் கண்காட்சி நடக்கும் நாட்களில் வைப்பது கெட்டிக்காரத்தனம்.

விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் பணம் கணக்கில் ஏறும். மார்ச்சில் விற்றது மே கடைசியில். கணக்குத் திறக்கும்போது வரும் ‘வரி நேர்காணல்’ என்ற இணையக் கேள்விகளை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அதில் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்தால், அமெரிக்க விற்பனையின் ராயல்டியில் இந்திய ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காமல் விட்டால் 30. வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்கும் புத்தகமாக இருந்தால் இது சின்னத் தொகை இல்லை.

மற்ற கடைகளோடு வைத்துப் பார்த்தால்

இணையத்தில் காணொளிப் பாடம் விற்கும் தளமான யுடெமியில் தமிழிலேயே பாடம் போடலாம். குறைந்தது 30 நிமிடக் காணொளி, ஐந்து பாடம் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கூப்பனில் ஆள் வந்தால் 97 சதவீதம் உங்களுக்கு, யுடெமியே பிடித்துவந்தால் 37. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தள்ளுபடித் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் விலை உங்கள் கையில் இல்லை, ஐயாயிரம் என்று போட்ட பாடம் ஐநூறுக்குப் போகும். வாங்கியவர் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கியவரின் மின்னஞ்சல் உங்களுக்குக் கிடைக்காது. கட்டிங் மேசையில் துணியை விரித்து லேயர் போடுவதைக் காட்ட வேண்டும் என்றால் காணொளியை விட்டால் வழியில்லை, அப்போது யுடெமி. கணக்கும் பட்டியலும் காரணமும்தான் சரக்கு என்றால் எழுத்துதான் சரி.

சொந்தமாக விற்பது மூன்றாவது வழி. இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் ரேசர்பே மாதிரி ஒன்றில் பேமென்ட் பக்கம் திறந்து, 2 சதவீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கொடுத்தால் போதும். ₹1,500-க்கு ஒரு எக்செல் ஷீட்டை விற்றால் ₹1,464.60 கையில். வாங்கியவர் யார், எந்த ஊர், எந்தக் கம்பெனி எல்லாம் தெரியும். அதற்கு ஈடாகத் தொல்லை முழுவதும் உங்களுடையது. பணம் திருப்பித் தரும் விதி, விதிமுறைகள், தொடர்பு முகவரி இவை தளத்தில் இல்லாமல் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பைத் தாண்ட முடியாது. கோப்பு டெலிகிராம் குழுக்களுக்குப் போவதைத் தடுக்கவும் முடியாது. ஒவ்வொரு கோப்பிலும் வாங்கியவரின் பெயரையும் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பொறித்துக் கொடுத்தால் பகிரக் கொஞ்சம் யோசிப்பார்கள். சேவை வருமானம் வருடத்துக்கு ₹20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வேறு தொழிலின் வருமானமும் அதே பான் எண்ணில் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றையும் பார்த்த பிறகு தோன்றுவது: கேடிபியில் கையேட்டை ₹150-லிருந்து ₹250-க்குள் வைத்துவிட்டு, அந்தக் கையேட்டில் இல்லாத எக்செல் ஷீட்டையும் இரண்டு மணி நேர ஆலோசனையையும் சொந்தமாக விற்க வேண்டும். ஷீட் புத்தகத்தின் நகலாக இருக்கக் கூடாது, இருந்தால் செலக்ட் விதி கடிக்கும். புத்தகம் கணக்கு ஏன் அப்படி என்பதைச் சொல்லும்; ஷீட் எண்ணைப் போட்டால் விடை தரும். இரண்டும் வேறு வேறு சரக்கு.

புத்தகத்திலிருந்து ஷீட்டுக்கு ஆளை எப்படி அழைத்துவருவது? புத்தகத்துக்குள் இணைப்பு வைக்கலாம். ஆனால் வாசகரின் மின்னஞ்சல், முகவரி கேட்கும் படிவத்துக்கு நேராக இணைப்பு கொடுக்கக் கூடாது என்பது கிண்டிலின் விதி. வேறு மின்புத்தகக் கடைக்கும் கொடுக்கக் கூடாது. ஆகவே படிவம் எதுவும் இல்லாத பக்கம் ஒன்றைத் திறந்து, அதில் அளவு அட்டவணை ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ள வையுங்கள். வந்தவர் அங்கிருந்து தானாக மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

பெயர் எப்படி வருகிறது

‘அமேசான் பெஸ்ட்செல்லர் ஆசிரியர்’ என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அமேசானின் தரவரிசை அடிக்கடி மாறுவது, வகைவாரியாகப் பிரிவது. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு உட்பிரிவில் ஒரே நாளில் நண்பர்களை வைத்து வாங்கவைத்தால் சில மணி நேரத்துக்கு முதலிடம் கிடைத்துவிடும். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளலாம். தொழிலில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நண்பர்களையும் உறவினர்களையும் வைத்து மதிப்புரை எழுதவைப்பதும் அப்படித்தான், அமேசானின் விதிக்கு அது எதிரானது, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள்.

கையேடு பெயர் வாங்கித் தருவது வேறு விதமாக. ஒரு நூற்பாலையின் விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் ‘அந்தப் புத்தகத்தில் 41-ஆம் பக்கத்தைப் பாருங்கள்’ என்று சொல்லும்போது பெயர் வருகிறது. (மின்புத்தகத்தில் பக்க எண் நிலையாக இருக்காது, அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் ‘கணக்கு 17’ என்று எண் கொடுத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான், மேற்கோள் காட்ட எண் இல்லாததாலேயே வாயில் வராமல் போன கையேடுகள் நிறைய.) கடையில் புத்தகம் இருக்கிறது என்பது அறிமுகம் மட்டும். எண்ணோடு சொல்லக்கூடிய கணக்கு இருந்தால்தான் பேச்சில் உலவும்.

எல்லாத் துறையிலும் வல்லுநர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பங்குச்சந்தையில் கல்வி மட்டும் தருகிறேன் என்பவர், கடந்த மூன்று மாத விலை விவரத்தை வைத்துக் குறிப்பிட்ட பங்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. மருத்துவம், நிதி பற்றிப் பேசும் இன்ஃப்ளூயன்சர்கள் தகுதியைக் காட்ட வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2023-இல் சொன்னது. பயிற்சி மையங்கள் ‘நூறு சதவீத வெற்றி’, ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. காஸ்டிங் கையேட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ‘இந்தப் புத்தகம் படித்தால் மாதம் ஒரு லட்சம்’ என்று அட்டையில் போடாத வரை.

அச்சும் திருத்தமும்

கேடிபியில் ஆங்கிலப் புத்தகத்துக்குத் தேவைக்கேற்ப அச்சிட்டுத் தரும் வசதி உண்டு, தமிழுக்கு மின்புத்தகம் மட்டும். கட்டிங் மாஸ்டர் மேசையில் கிடக்க வேண்டிய புத்தகம் கைப்பேசிக்குள் அடைந்துகிடப்பது பெரிய குறை. சென்னையின் நோஷன் பிரஸ் போன்ற இடங்களில் சில பிரதிகள் அச்சிட்டுக்கொள்ளலாம். துறைக்காரர்கள் கூடும் இடத்தில் இருபது பிரதி கையில் கொடுப்பது, இணையத்தில் ஒரு மாத விளம்பரத்தைவிட வேலை செய்யும்.

கடைசியாக, வாங்கியபின் வரும் சிக்கல். நூல் விலை, சாயக் கூலி, டாலர் மதிப்பு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் திருத்திய கோப்பை ஏற்றினால் புதிதாக வாங்குபவருக்குப் புதியது போகும். ஏற்கெனவே வாங்கியவரிடம் பழையதே இருந்துவிடலாம். தானியங்கிப் புதுப்பிப்பை அவர் இயக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய பிழை என்று அமேசான் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை ஏறியது பிழையில் சேராது. ஆகவே கையேட்டில் ரூபாயில் எதையும் முடிந்தவரை எழுதாதீர்கள். கிராமிலும் சதவீதத்திலும் எழுதுங்கள். ரூபாய் எல்லாம் அந்த எக்செல் ஷீட்டில் இருக்கட்டும்.